நாற்பத்தேழு நிமிட ஜோசியம்

அத்தியாயம் 9

சோபோட்காவின் பின்பக்கத்தை வாத்து கொத்தியபோது மணி காலை பத்தேகால்.

"பாஸ், இது கொலை முயற்சி. நோட்டுல எழுதிக்குங்க."

கொரீன் டேட்டம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், இல்லினாய் மாநிலத்து ஜனவரிக் காற்றில், குளத்தங்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பனிக்கட்டியைக் கார் சாவியால் தட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்த் தீ விபத்துகளை மோப்பம் பிடித்தவள். இப்போது தனியாக ஆபீஸ் வைத்திருக்கிறாள். ஒரு மேஜை, ஒரு காபி மெஷின், ஒரு சோபோட்கா.

அந்த சோபோட்கா, முன்னாளில் பெர்வினில் பழைய கார் விற்றவன். நாற்பத்தாறு வயது. ஓடாத வண்டியை ஓடும் என்று சொல்லி விற்ற வாயை, இப்போது உண்மையைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துவதாக அவனே சொல்லிக்கொள்வான்.

"குளத்தைப் பார்க்க வரல பாஸ் நாம. திருடியைப் பிடிக்க வந்திருக்கோம்."

"திருடின்னு யார் சொன்னா?"

"டைரக்டர் சொன்னார். பீஸ் கொடுக்கறவர் சொன்னா நான் நம்பிடுவேன். அது என் கொள்கை."

விவகாரம் இதுதான். சிகாகோவுக்கு மேற்கே, சோளக்காட்டு நடுவில் இருக்கும் ப்ரெய்ரி ஓக்ஸ் ஆய்வுக்கூடத்தில், அணுவைவிடச் சின்னத் துகள்களை முட்டி மோதவிடுவார்கள். மோதிச் சிதறியதை எல்லாம் பதிவு செய்து, அந்தக் குப்பை மலையைக் கம்ப்யூட்டரில் கொட்டிச் சலிப்பார்கள். சலிக்க எட்டாயிரம் கம்ப்யூட்டர்கள். க்யூவில் ஆயிரம் விஞ்ஞானிகள். ஆயிரம் பேரின் வாயிலும் ஒரே கேள்வி: "என் வேலை எப்ப முடியும்?"

அதற்குப் பதில் சொல்ல டாக்டர் டெஸ்மண்ட் ப்ரூயிட் ஒரு புரோகிராம் எழுதினார். ஃபைலின் மேலே ஒட்டியிருக்கும் லேபிளை அது படிக்கும். எத்தனை மோதல்கள், எவ்வளவு நெரிசல் என்று பார்க்கும். "பத்து மணி பன்னிரண்டு நிமிடம்" என்று சொல்லும். சொன்னபடி பத்து மணி பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடியும். ஒரு வருடமாக ஒரு நிமிடம் தப்பவில்லை. ஆய்வுக்கூடமே அதை 'ஜோசியர்' என்று செல்லமாகக் கூப்பிட்டது. கல்யாணத் தேதியைக்கூட அதனிடம் கேட்கலாம் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

போன வாரம் விஷயம் கெட்டது. வேறொரு ஆய்வுக்கூடம் இதே டேட்டாவை, இதே புரோகிராமை, இதே ரகக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்கு நேரத்தில் முடிந்துவிட்டது. அப்படியானால் இங்கே மிச்ச ஒரு பங்கைத் தின்பது யார்? யாரோ திருட்டுத்தனமாக இந்தக் கம்ப்யூட்டர்களை வைத்து கிரிப்டோ காயின் என்ற டிஜிட்டல் காசு தோண்டுகிறார்கள் என்று டைரக்டர் ஓகில்வி முடிவு கட்டினார். எட்டாயிரம் கம்ப்யூட்டருக்கும் பாஸ்வேர்டு சாவி வைத்திருந்தவள் ஒருத்திதான். சிஸ்டம் நிர்வாகி இனெஸ் பராசா. அக்டோபரில் அவள் சலிக்கிற புரோகிராமில் கை வைத்திருந்தாள். போதாதா? திங்கட்கிழமை அவளுடைய அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று வியாழன். மாலை நாலு மணிக்கு ஃபெடரல் போலீஸ் வருகிறது.

"எதற்கும் இருக்கட்டும், போலீஸுக்குக் கொடுக்க ஒரு சாட்சியம் தேடிக் கொடுங்க" என்றுதான் ஓகில்வி கொரீனைக் கூப்பிட்டிருந்தார்.

குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஹார்லன் ஒரு நீளக் கம்போடு வந்தார். தாடியில் பனி ஒட்டியிருந்தது.

"ஐஸ் மேல கால் வெக்காதீங்கம்மா. போர்டைப் பார்க்கலையா?"

போர்டு அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தது. 'வெந்நீர்க் குளம். உறையாது. இறங்காதீர்.'

"உறையாதுன்னு போட்டிருக்கே. உறைஞ்சிருக்கே?" என்றாள் கொரீன்.

"அதான் எனக்கும் விளங்கல. கம்ப்யூட்டர் கட்டடத்துச் சூட்டைச் சுமந்துட்டு வர்ற தண்ணி இது. போன வருஷம் இதைவிடக் கேவலமான குளிரு. அப்பக்கூட ஆவி பறந்துட்டு இருந்துச்சு. வாத்துங்க வெந்நீர்க் குளியல் போட்டுட்டு, தெற்கே போற எண்ணமே இல்லாம கெடந்துச்சுங்க. இந்த வருஷம் பாதிக் குளம் கட்டியாயிருச்சு. எல்லாம் அந்த மூலையில முண்டியடிக்குது. அதான் வெறி பிடிச்சு எல்லாரையும் கொத்துது."

"எல்லாரையுமா, என்னை மட்டுமா?" என்றான் சோபோட்கா.

"தண்ணி எப்பலேர்ந்து ஆறிப்போச்சு?" என்றாள் கொரீன்.

"அக்டோபர் கடைசின்னு நெனைக்கிறேன். குழாய்ல அடைப்போன்னு ரெண்டு தடவை பிரிச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல. மேல எழுதிப் போட்டேன். யாரும் பதில் போடல."

கொரீன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவள் இடது புருவம் லேசாக ஏறியிருந்தது. அந்தப் புருவம் ஏறினால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று சோபோட்காவுக்குத் தெரியும். தன்னுடையதாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டான்.

"காயின் தோண்டினா கம்ப்யூட்டர் சூடாகுமா, ஆறுமா?" என்று காரில் ஏறும்போது கேட்டாள்.

"கொதிக்கும். என் மச்சான் ஷெட்ல வெச்சு ட்ரை பண்ணினான். ஒரு காயினும் வரல. தக்காளி மட்டும் ஜனவரியில காய்ச்சுது."

"அப்ப திருடன் எட்டாயிரம் மெஷினைப் போட்டு வறுத்தெடுத்தா, குளம் இன்னும் சூடாகணும். இங்க ஆறிக் கெடக்கு."

சோபோட்கா சீட் பெல்ட்டைப் பாதியில் விட்டான். "அப்ப யாரும் திருடலையா?"

"யாரோ வேலையே செய்யாம நேரத்தைத் தின்னிருக்காங்க."

"அப்ப அதுவும் என் மச்சான்தான் பாஸ்."

*

இனெஸின் வீடு அரோராவில், இருபது நிமிட தூரம். அவள் கதவைத் திறந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் அடுப்பில் ஒரு அண்டா தமாலே, சோளமாவை மடலில் சுற்றி அவிக்கும் மெக்சிகோப் பலகாரம், வெந்துகொண்டிருந்தது. கவலை வந்தால் சமைப்பாள் போல. திங்கட்கிழமையிலிருந்து சமைத்ததைப் பார்த்தால் ஒரு பட்டாளத்துக்கே போடலாம்.

"போலீஸா?" என்றாள்.

"இல்லம்மா. போலீஸ் வந்தா எதைக் கேக்காம விடுமோ, அதைக் கேக்க வந்திருக்கோம்" என்றாள் கொரீன். "இவன் சோபோட்கா. தட்டு மட்டும் கொடுத்திட்டீங்கன்னா வாயை மூடிப்பான்."

தட்டு கொடுக்கப்பட்டது.

"அக்டோபர்ல புரோகிராம்ல என்ன பண்ணினீங்க?"

இனெஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு துகளும் போன பாதையை அது கணக்குப் போடும் மேடம். ஒரே கணக்கை நாலு தடவை போட்டுட்டு இருந்துச்சு. யார் எழுதினாங்களோ, ஏன் எழுதினாங்களோ தெரியல. நான் அதை ஒரு தடவையாக்கினேன். ஆறு மாச வேலை. சனி ஞாயிறு எல்லாம் உக்காந்தேன். இந்த லேப்டாப்ல பறந்துச்சு. ஆய்வுக்கூடத்துல ஏத்தினதும் ஒரு நிமிஷம்கூடக் குறையல."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் காட்டினேன். சிரிச்சாங்க. டாக்டர் ப்ரூயிட்தான் பாவம்னு எழுந்து பேசினார். 'ஜோசியர் சொன்ன நேரம் மாறல, அப்படின்னா எதுவும் மாறல, மனசை விட்டுராதே'ன்னார். மூணு மாசமா நான் எங்க தப்புப் பண்ணினேன்னு தேடிட்டு இருக்கேன். இப்ப திருடின்னும் சொல்றாங்க." உடனே எழுந்து, சோபோட்காவின் தட்டில் இன்னும் இரண்டு தமாலே வைத்தாள்.

கொரீன் தன் நாற்காலியை இனெஸின் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஒரு வேலை முடிஞ்சா, முடிஞ்சுதுன்னு யாரு சொல்றது? கம்ப்யூட்டரே சொல்லுமா?"

"இல்ல. அது ஜோசியர்கிட்ட சொல்லும். ஜோசியர்தான் க்யூவுக்குச் சொல்லும். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்துக் கத்துக்கறதுக்காக."

"ஜோசியருக்குள்ள என்ன இருக்குன்னு உங்களால பார்க்க முடியுமா?"

"அது ஒண்ணுக்குத்தான் என்கிட்ட சாவி கிடையாது. டாக்டர் ப்ரூயிட் மட்டும்தான் தொறப்பார்."

"நான் போய்த் தொறந்து காட்டுன்னு கேட்டா?"

"அவர் காபி கொண்டு வரேன்னு போய்ட்டு வர்ற நேரத்துல எதை வேணா அழிச்சிடலாம் மேடம்."

"சரி. காலேஜ் பிள்ளைங்க பழகிக்கறதுக்குன்னு ஆய்வுக்கூடம் வெளியிட்ட டேட்டா ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

அதன் பிறகு இரண்டு பெண்களும் லேப்டாப்பின் மேல் கவிழ்ந்துகொண்டு குசுகுசுத்தார்கள். ஆறாவது தமாலேயில் இருந்த சோபோட்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை இனெஸ் தலையைத் தூக்கி, "ஐயோ... அப்படியுமா இருக்கும்?" என்றாள். முகத்தில் நிறமே இல்லை.

கொரீன் ஒரு பென் டிரைவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"பாஸ், உள்ள என்ன இருக்கு?"

"சொன்னா உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துரும்."

"பதினஞ்சு வருஷம் கார் வித்த மூஞ்சி பாஸ் இது!"

"அதனாலதான் ஆய்வுக்கூடத்துல யாரும் உன்கிட்ட நேருக்கு நேர் பேச மாட்டேங்கறாங்க."

*

மூன்றாவது மாடி ஹாலில் இரண்டு மணிக்கே கூட்டம் கூடியிருந்தது. சுவர்த் திரையில், பன்னிரண்டு ஆய்வுக்கூடங்களைச் சேர்ந்த பன்னிரண்டு முகங்கள். ஜோசியரைத் தங்களிடமும் வைத்துக்கொள்வதா என்று மூன்று மணிக்கு ஓட்டெடுப்பு. ஜெயித்தால் ஜோசியர் பன்னிரண்டு இடங்களிலும் பட்டம் ஏறிவிடும்.

டாக்டர் ப்ரூயிட் கெட்டவராகத் தெரியவில்லை. காவலாளியின் மகளுக்குப் பரீட்சை எப்படி என்று விசாரித்தார். எல்லாருக்கும் தன் கைக்காசில் டோனட் வாங்கி வந்திருந்தார். சோபோட்காவுக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. கைக்காசில் டோனட் வாங்குகிறவனை அவன் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

"டாக்டர், எனக்கு ஒரு ஜோசியம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றாள் கொரீன். "ஊரே புகழுது. நான் ஒருத்தி பார்க்காம போனா எப்படி?" பென் டிரைவை நீட்டினாள்.

டைரக்டர் ஓகில்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒல்லியான மனிதர். இருமல் மிட்டாயை எப்போதும் கன்னத்தில் ஒதுக்கியிருப்பார். "மிஸ் டேட்டம், இதெல்லாம் இப்ப தேவையா?"

"நீங்களே வெளியிட்ட மாணவர் டேட்டாதான் சார். சின்ன ஃபைல்."

"பரவால்ல டைரக்டர், நல்ல விளம்பரம்தானே" என்று ப்ரூயிட் சிரித்தார். செக்யூரிட்டி சோதனை முடிந்தது. ஃபைலை ஏற்றினார். திரையின் மூலையில் எழுத்து மின்னியது.

நாற்பத்தேழு நிமிடம்.

"இரண்டு ஐந்துக்குத் தொடங்குது. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு முடியும்" என்றார் ப்ரூயிட். "நீங்க வேணா கடிகாரத்தைப் பிடிச்சுக்குங்க."

கொரீன் சோபோட்காவைப் பார்த்தாள். அவன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

நாற்பத்தேழு நிமிடத்தில் ப்ரூயிட் எழுபது படம் காட்டினார். கோடுகள், புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் படிந்த வளைவுகள். சொன்ன நேரம் இது, ஆன நேரம் இது, இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழைகூட இல்லை. திரையில் இருந்த பன்னிரண்டு முகங்களில் நாலு தூங்கிவிட்டன. சோபோட்கா மேஜையில் இருந்த தன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 'வேலை ஓடுகிறது' என்ற பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பாஸ் என்ன செய்கிறாள்? ஜோசியர் சரியாகச் சொல்லிவிட்டால் இவர்களுக்கு மானம் போகும். இனெஸுக்கு விலங்கு விழும்.

இரண்டு ஐம்பத்தொன்று. ஹாலில் பேச்சு அடங்கியது. தூங்கிய நாலு முகமும் விழித்துக்கொண்டன.

இரண்டு ஐம்பத்திரண்டு.

'முடிந்தது.'

ஹால் கைதட்டியது. திரையில் பன்னிரண்டு முகங்களும் தட்டின. ஓகில்வி மிட்டாயைக் கடித்தே விட்டார். சோபோட்கா தலையைக் குனிந்துகொண்டான்.

கொரீன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அபாரம் டாக்டர். இப்ப அந்த ஃபைலைத் திறந்து காட்டுங்களேன். உள்ள எத்தனை மோதல் இருந்துச்சுன்னு நாங்களும் பார்க்கறோம்."

"லேபிள்லயே இருக்கே. ஒன்பதாயிரம்."

"லேபிள் வேணாம். உள்ள."

ப்ரூயிட் ஃபைலைத் திறந்தார். திரை வெறிச்சென்று இருந்தது. அவர் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மேலே லேபிள் இருந்தது. கீழே ஒன்றுமே இல்லை.

"காலி பெட்டி சார்" என்றாள் கொரீன் ஓகில்வியிடம். "இன்னிக்கு மதியம் ஒரு சமையல்கட்டுல உக்காந்து உள்ள இருந்ததை எல்லாம் வழிச்சுப் போட்டுட்டு, லேபிளை மட்டும் விட்டோம். சலிக்க ஒரு தூசிகூடக் கிடையாது. ஒரு நொடியில முடிஞ்சிருக்கணும்."

முதலில் புரிந்தது சோபோட்காவுக்குத்தான். பதினைந்து வருடம் பழைய கார்களின் மைல் மீட்டரைத் திருத்தியே குடும்பம் நடத்தியவன் அல்லவா.

"ஒண்ணுமே இல்லாத வேலைக்கு நாற்பத்தேழு நிமிஷமா?" என்று கத்தினான். "யோவ், இது ஜோசியம் இல்லய்யா! மீட்டரைப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கார்!"

"அதேதான்" என்றாள் கொரீன். "வேலை முடிஞ்சதும் ஜோசியர்கிட்ட வந்து சொல்லும். ஜோசியர் மணி பார்ப்பார். தான் சொன்ன நேரம் இன்னும் வரலையா? வாசல்லயே நிறுத்தி வெப்பார். கம்ப்யூட்டர் சும்மா நிக்கும். நேரம் வந்ததும் 'முடிஞ்சுது'ன்னு க்யூவுக்குச் சொல்வார். ஒரு வருஷமா ஒரு நிமிஷம் தப்பலைன்னா வேற எப்படி? உங்க மெஷின்ல யாரும் காயின் தோண்டல டைரக்டர். அக்டோபர்லேர்ந்து மூணுல ஒரு பங்கு நேரம் அதெல்லாம் கொட்டாவி விட்டுட்டு நின்னுச்சு. சூடு குறைஞ்சு வெந்நீர்க் குளமே உறைஞ்சு போச்சு. உங்க ஹார்லன் எழுதிக் கொடுத்திருக்காராம், எந்த மேஜையில கெடக்கோ."

ப்ரூயிட் உட்கார்ந்துவிட்டார். மறுக்கவில்லை. டோனட் பெட்டியின் மூடியை இரண்டு முறை மூடித் திறந்தார்.

"முதல்ல ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்தான்" என்றார். "கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டு மிச்சத்தை நிறுத்தி வெப்பேன். யாருக்கும் நஷ்டமில்லைன்னு நெனைச்சேன். அக்டோபர்ல திடீர்னு எல்லா வேலையும் சீக்கிரம் சீக்கிரமா முடிய ஆரம்பிச்சுது. கணக்கை மாத்தினா கொஞ்ச நாள் ஜோசியம் தப்பும், அதுவரைக்கும் வந்த பேரு போயிடும். இந்த ஓட்டு முடியட்டும்னு..."

"அக்டோபர்ல ஏன் சீக்கிரம் முடிஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் டோனட் பெட்டியைத் தள்ளி வைத்தார்.

"தெரியும்" என்றாள் கொரீன். "மீட்டிங்ல அந்தப் பொண்ணு சொன்னப்பவே தெரியும். அவ மிச்சப்படுத்தின நேரத்தை நீங்க முழுங்கினீங்க. அப்புறம் அவளே திருடினான்னு இவங்க சொன்னப்பவும் பேசல."

"நான் யார் மேலயும் பழி போடல. சும்மாதான் இருந்தேன்."

"சும்மா இருக்கறதுதான் உங்களுக்கும் உங்க புரோகிராமுக்கும் கைவந்த கலையாச்சே."

ஓகில்வியின் மிட்டாய் தொண்டையில் சிக்கிக்கொண்டது. சோபோட்கா அவர் முதுகில் நாலு அடி போட்டான். இரண்டு போதும்தான். மிச்சம் இரண்டு இனெஸுக்காக.

இருமல் நின்றதும் டைரக்டர் ஃபெடரல் போலீஸுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றார். அடுத்த போன் அரோராவுக்கு. அதில் அவர் பேசியதைவிட மென்று விழுங்கியதுதான் அதிகம்.

*

இனெஸ் மூன்றரைக்கு வந்தாள். ஏப்ரனைக் கழற்ற மறந்திருந்தாள். அடையாள அட்டையை ஓகில்வியே கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"மிஸ் பராசா, ஆய்வுக்கூடத்தின் சார்பாக..."

"அப்புறம் சார்" என்று அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு அவள் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனாள். ப்ரூயிட் எழுதிக் கொடுத்த சாவியை ஹாலில் இருந்த அத்தனை பேரும் பார்க்க அடித்தாள். ஜோசியர் திறந்தது. நிறுத்தி வைக்கும் வரிகள் நாலே நாலு. அவள் அவற்றை அழித்துவிட்டு விரலை எடுத்தாள்.

பெரிய திரையில் க்யூ ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மேலிருந்து கீழ்வரை, 'முடிந்தது', 'முடிந்தது', 'முடிந்தது' என்று கொட்டத் தொடங்கியது. அறுநூறு, ஆயிரம், இரண்டாயிரம். எப்போதோ முடிந்து வாசலில் காத்துக்கிடந்த வேலைகள் எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே வந்தன. ஹாலில் எல்லாருடைய போனும் ஒரே சமயத்தில் கிணுகிணுத்தது. மாடிப்படியில் யாரோ, "நாளைக்குத்தான்னாங்களே! என்னோடது முடிஞ்சிருச்சுய்யா!" என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். தாழ்வாரம் முழுக்கக் கதவுகள் திறந்து மூடும் சத்தம்.

இனெஸ் ஒரு பழைய வேலையை மட்டும் எடுத்து, செப்டம்பரில் ஆன நேரத்தையும் இப்போது ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

"முப்பத்தஞ்சு சதவீதம் குறைஞ்சிருக்கு" என்றாள். "நான் முப்பதுன்னு நெனைச்சேன்." பிறகுதான் ஏப்ரனின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சோபோட்கா எதையோ தேடுவதுபோலப் பையில் கையை விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

ப்ரூயிட் அட்டைப்பெட்டியில் தன் புத்தகங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் இனெஸ் எதிரில் நின்றாள். அவர் இரண்டடி தாண்டிப் போய்விட்டு, தாங்க முடியாமல் திரும்பினார். மன்னிப்புக் கேட்பார் என்று சோபோட்கா நினைத்தான். கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா இனெஸ்? முப்பத்தஞ்சு சதவீதம்... எப்படிக் குறைச்சே?"

இனெஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கணிச்சுச் சொல்லுங்களேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.